டால்ஸ்டாயும் சயாமுக்குப் போன என் தாத்தாவும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், எங்கள் சுங்கை பட்டாணியில் படிக்கிற பழக்கமுள்ளவர்கள் நாலு பேர் கூடிவிட்டால் பேச்சு சுற்றிச் சுற்றி ரஷ்ய நாவல்களில் வந்துதான் நிற்கும். கூலிமிலும் லூனாசிலும் அலோர் ஸ்டாரிலும் எனக்குப் பழக்கமான வாசகர்கள் எல்லாரும் இப்படித்தான். ஒருவர் தஸ்தயேவ்ஸ்கி கட்சி. எம். ஏ. சுசீலா மொழிபெயர்த்த ‘குற்றமும் தண்டனையும்’, ‘அசடன்’ இரண்டையும் கோடு போட்டுக் கோடு போட்டுப் படித்தவர். இன்னொருவருக்கு நா. தர்மராஜன் மொழிபெயர்ப்பில் வந்த ‘அன்னா கரேனினா’வுக்கு மேல் ஒரு நாவல் கிடையாது. நான் ‘போரும் வாழ்வும்’ கட்சி. ஐம்பது வருடமாகக் கட்சி மாறவில்லை.

போன வருடம் ஒரு இளம் ஆசிரியை கேட்டார்: “ஐயா, ஐந்நூறு பாத்திரத்துக்கு மேல இருக்கு, பக்கம் போய்க்கிட்டே இருக்கு, ரஷ்யப் பிரபுக்களோட கதை. நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு இதுல என்ன இருக்கு?” கேட்டதில் கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். அப்போது நான் சொன்ன பதில் சுருக்கமானது. முழுப் பதிலுக்கு என் தாத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பீடோங்கிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் சடக்கில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். வெட்டுக்காட்டில் நின்றால் ஜெராய் மலை தெரியும். ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவுக்கும் வேலைக்கும் காத்திருந்த காலம் அது. எழுபதுகளின் தொடக்கம். காலையில் அம்மாவுக்குத் துணையாக வெட்டுக்காட்டுக்குப் போவேன். மங்கு துடைப்பது, ஒட்டுப்பால் பிடுங்குவது, பால் வாளியை ஸ்டோருக்குத் தூக்குவது. மத்தியானத்துக்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. எங்கள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் வீட்டில் ஓர் அலமாரி நிறையப் புத்தகம். பினாங்குக்குக் கப்பலேறிப் போய் வாங்கி வந்தவை. மு.வ., கல்கி, அகிலன் என்று இருந்த வரிசையின் ஓரத்தில் தடித்தடியாகச் சில பாகங்கள். டால்ஸ்டாய் எழுதி டி. எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த ‘போரும் வாழ்வும்’. சொக்கலிங்கம் யார் என்றும் தலைமையாசிரியரே சொன்னார்: 1934-இல் ‘தினமணி’ தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர், விடுதலைப் போரில் சிறை சென்றவர். “எடுத்துக்கிட்டுப் போ தம்பி. பேருங்கதான் கொஞ்சம் படுத்தும். நூறு பக்கம் தாண்டிட்டா அவங்கள்லாம் நம்ம லயத்து ஆளுங்க ஆயிருவாங்க” என்றார்.

வீட்டில் முதலில் பயந்தது பாட்டி. ரஷ்யாக்காரன் எழுதியது என்றதும் அவருக்குக் கை நடுங்கிவிட்டது. கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க 1948-இல் தொடங்கிய அவசரகாலம் 1960-இல் முடிந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தோட்டத்தில் அது அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. அப்போதைய முதலமைச்சர் துங்குவும் கம்யூனிஸ்ட்டுத் தலைவர் சின் பெங்கும் 1955-இல் உட்கார்ந்து பேசியது எங்கள் கெடாவின் பாலிங்கில்தான். பேச்சு முறிந்தது. அறுபதுகளின் கடைசியில் எல்லைக் காட்டில் மறுபடியும் சண்டை கிளம்பியிருந்தது. முள்வேலிக்குள் வைத்து, அரிசியை அளந்து கொடுத்த காலத்தைப் பார்த்தவருக்கு ரஷ்யா என்றாலே போலீஸ் ஜீப்தான். “ரஷ்யாவுல ராஜா இருந்தப்ப நடந்த கதை பாட்டி” என்று சொல்லிச் சொல்லித்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன்.

தாத்தா வேறு மாதிரி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கதை கேட்பதில் பெரிய ஆள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி என்றால் அதற்கு முன்பு இரவிரவாகப் பாரதம் படிப்பார்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் பொருள் சொல்ல, சனம் சாக்கு விரித்து உட்கார்ந்து கேட்கும். தாத்தா அதில் முன்வரிசை. நேற்று விட்ட இடத்தை வாசிப்பவர் மறந்தாலும் தாத்தா மறக்கமாட்டார். நீளமான கதை என்பது எங்களுக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் இல்லை. பெரிய நாவலைப் பார்த்து மலைப்பவர்கள், நம் ஆட்கள் எத்தனை தலைமுறையாகப் பாரதம் கேட்டு வளர்ந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கிளைக் கதைகளும் பெயர்களும் குலமுறைகளும் யாரையும் விரட்டியதில்லை.

“அந்தத் தடிப் புஸ்தகத்துல என்னடா இருக்கு, படி கேப்போம்” என்றார் தாத்தா ஒரு சாயங்காலம். லயத்து வாசலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

நாவல் 1805-இல் பீட்டர்ஸ்பர்க் சீமாட்டி ஒருத்தியின் விருந்தில் தொடங்குகிறது. உலகம் முழுக்கப் பலர் இந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். தாத்தாவுக்கு அது கொஞ்சமும் அலுக்கவில்லை. ஜப்பான் சண்டைக்கு முன்பு அவர் துரை பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். வெள்ளைக்காரர்களின் விருந்தைப் பூச்செடிகளுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறார். யார் யாருக்குப் பெண் பேசுகிறார்கள், யார் யாருடைய சொத்துக்கு அலைகிறார்கள் என்பதெல்லாம் பாஷை தெரியாமலே அவருக்கு விளங்கியிருந்தது. பெஸுகோவ் என்ற கிழப் பிரபு சாகக் கிடக்கும்போது, உயில் இருக்கும் தோல்பையை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிற இடம் வரும். தாத்தா தொடையில் தட்டி, “இது எல்லா ஊர்லயும் உண்டு” என்றார்.

பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. அவரே பெயர் வைத்துக்கொண்டார். பியேர் ‘கண்ணாடிக்காரன்’. தளபதி குதூசவ் ‘ஒத்தக்கண்ணு’. பல்கோன்ஸ்கி கிழவர் ‘கடுகடு துரை’. நத்தாஷா ‘பாப்பா’. கடைசிவரை, பாப்பா கல்யாணமாகி நாலு பிள்ளை பெற்ற பிறகும், பாப்பாதான். இரண்டு மூன்று வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்த ஒரு அம்மா, வரமுடியாத நாளில் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பிடித்து நிறுத்தி, பாப்பாவை மயக்கிய கயவன் அவளைக் கூட்டிக்கொண்டு போனானா இல்லையா என்று கேட்பார்.

அவுஸ்டர்லிட்ஸ் போர்க்களத்தில் இளவரசர் அந்திரேய் அடிபட்டு மல்லாந்து விழுகிறார். கண்ணுக்கு எதிரே வானம். இவ்வளவு நாள் இந்த வானத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று நினைக்கிறார். அந்த வயதில் என்னை உலுக்கியது அந்த இடம். தாத்தா அதைக் கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பிடித்து நிறுத்தியவர் தூஷின். குள்ளமான, பூட்ஸைக்கூட ஒழுங்காகப் போடாத ஒரு பீரங்கிப் படைக் கேப்டன். நாள் முழுக்க நின்று சண்டை போட்டு எதிரியைத் தடுத்தவர் அவர். மாலையில் மேலதிகாரிகள் அவரையே குற்றவாளி மாதிரி நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். தாத்தா அங்கேதான் முதன்முதலாக ஜப்பான்காரன் வந்த நாளைப் பற்றி எடுத்தார்.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் சயாம் (இன்றைய தாய்லாந்து) கரையிலும் கோத்தா பாருவிலும் இறங்கினார்கள். சயாம் எல்லை வழியாக வந்த படையை ஜித்ராவில் தடுப்பது என்பது பிரிட்டிஷ்காரர்களின் திட்டம். பதினோராவது இந்திய டிவிஷன் அங்கே நின்றது. கொட்டுகிற மழையில் இரண்டு நாளுக்குள் அரண் உடைந்தது. அடுத்து குருன். அதுவும் நிற்கவில்லை. பின்வாங்கிய படை வந்த சாலை அலோர் ஸ்டார், குருன், பீடோங், சுங்கை பட்டாணி என்று எங்கள் வாசலை ஒட்டிப் போகிறது. “பஞ்சாபிக்காரனும் கூர்க்காவும் நனைஞ்சு, சேறா வந்தாங்க. தண்ணி கேட்டாங்க. குடுத்தோம். தோத்தது அவனுங்க குத்தம்னு அப்புறம் சொன்னாங்க” என்றார் தாத்தா. தோட்டத்துத் துரை அதற்கு முந்தைய இரவே காரில் கிளம்பிப் போயிருந்தார். கூலி பாக்கி, அரிசி இல்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியாது.

இதெல்லாம் நான் அதுவரை கேள்விப்படாதது. எங்கள் வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் ஜித்ரா இருந்தது. யமாஷித்தா இருந்தார், பெர்சிவல் இருந்தார், 1942 பிப்ரவரி 15 இருந்தது. சாலையோரம் தண்ணீர் கொடுத்தவர்கள் இல்லை. டால்ஸ்டாய் அந்தப் பெரிய நாவலில் திரும்பத் திரும்ப வாதாடுவது இதைத்தான். நெப்போலியன் நினைத்ததால் போர் நடக்கவில்லை, தளபதி போட்ட திட்டத்தால் வெற்றி வரவில்லை. பெயர் எழுதப்படாத இலட்சக்கணக்கான பேர் ஒவ்வொரு நிமிடமும் செய்த சின்னச் சின்னக் காரியங்கள் சேர்ந்துதான் அது நடந்தது என்கிறார். போரதினோ போருக்குப் போகும் வழியில் ஒத்தக்கண்ணு குதூசவ் ஒரு பிரெஞ்சுக் கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பார். போர் ஆலோசனையில் தூங்கியே விடுவார். தாத்தாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. “அவனுக்குத் தெரியும், நம்ம கையில ஒண்ணும் இல்லன்னு” என்பார். டால்ஸ்டாய்க்குப் போர் ஏட்டுப் படிப்பில்லை. இளம் அதிகாரியாக 1854-55-இல் செவஸ்தபோல் முற்றுகையில் இருந்தவர்.

பாட்டி கதை கேட்கிறவரே இல்லை. சமையல் வேலையில் இருந்தபடி காதை மட்டும் கொடுப்பார். மாஸ்கோவை விட்டு எல்லாரும் ஓடுகிற இடம். நத்தாஷாவின் ரஸ்தோவ் குடும்பம் கம்பளம், பீங்கான், வெண்கலம் என்று வண்டி வண்டியாக ஏற்றிக் கட்டிவிட்டது. முற்றத்தில் காயம்பட்ட சிப்பாய்கள் கிடக்கிறார்கள். நத்தாஷா அம்மாவிடம் சண்டை போட்டு, சாமான்களை இறக்கிப் போட்டுவிட்டுக் காயம்பட்டவர்களை ஏற்றவைக்கிறாள். பாட்டி ஈரக் கையோடு வாசலுக்கு வந்துவிட்டார். “அந்தப் புள்ள நல்லா இருக்கணும்” என்றார். அன்றைக்கு ராத்திரிதான், ஜப்பான்காரன் காலத்தில் வெறும் மரவள்ளிக்கிழங்கை வைத்துக்கொண்டு யார் யாருடைய பிள்ளைகளை அவர் வளர்த்தார் என்று அம்மா எனக்குச் சொன்னார். சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகள். சிலருக்கு அப்பா திரும்பவேயில்லை.

சயாமுக்குப் போனவர்கள் என்று தோட்டத்தில் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. ஜப்பானியர் ஆட்களைக் கூட்டிப்போய் 1942-இல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்தார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் அங்கே செத்தார்கள். காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்குப் புல் வெட்டி, செடி வைத்துப் பராமரிக்கும் கல்லறைகள் இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பெரும்பகுதி. அவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை வரிசை அமையவில்லை. அதே 1943-இல் கெடாவையே ஜப்பானியர் சயாமுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள் என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

தாத்தா போய்த் திரும்பியவர். ஆனால் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. பாட்டியிடம்கூடச் சொல்லவில்லை என்று அம்மா சொல்வார்.

கதையில் கண்ணாடிக்காரன் மாஸ்கோவில் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபடுகிறான். கண்ணெதிரே ஆட்களைச் சுட்டுக் கொல்வதைப் பார்த்துவிட்டு, உலகமே இடிந்து விழுந்த நிலையில் கைதிகளின் கொட்டடிக்கு வருகிறான். இருட்டில் பக்கத்தில் ஒரு வயதான சிப்பாய். பிளாத்தோன் கரத்தாயெவ். குடியானவன். வெந்த உருளைக்கிழங்கை உள்ளங்கையில் வைத்து இரண்டாக வெட்டி, உப்புத் தூவி, சாப்பிடுங்கள் என்று நீட்டுகிறான். சீமையில் வளர்ந்த கோடீஸ்வரனுக்கு அதைவிட ருசியான சாப்பாடு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. தாத்தா, “மறுபடி படி” என்றார். படித்தேன். கரத்தாயெவ் பழமொழி பழமொழியாகப் பேசுவான். கூடவே ஒரு நாய் ஒட்டிக்கொண்டு திரியும். பிறகு நெப்போலியனின் படை பின்வாங்குகிறது. கைதிகளையும் நடத்திக் கூட்டிப்போகிறார்கள். நடக்க முடியாதவனைச் சுட்டுவிடுவது வழக்கம். கரத்தாயெவுக்குக் காய்ச்சல். ஒரு பிர்ச் மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறான். பியேரைப் பார்க்கிறான், கூப்பிட நினைக்கிறான். பியேர் பார்க்காதவன் மாதிரி நடந்துவிடுகிறான். பின்னால் வெடிச்சத்தம் கேட்கிறது. நாய் ஊளையிடுகிறது.

நான் படிப்பதை நிறுத்தினேன். ஜெனரேட்டரை அணைக்கிற நேரம் நெருங்கியிருந்தது.

“அவன் திரும்பிப் பாக்கலையாடா?” என்று கேட்டார் தாத்தா.

“இல்ல தாத்தா.”

“நானும் பாக்கல.”

அப்புறம்தான் சொன்னார். ஒரே தோட்டத்திலிருந்து ஒரே ரயில் பெட்டியில் போன கூட்டாளி. காட்டு முகாமில் மழைக்காலத்தில் காலரா வந்தது. நோய் கண்டவர்களைத் தனிக் குடிசையில் போட்டுவிட்டு, மற்றவர்களை அடுத்த முகாமுக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். குடிசையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டதாம். வரிசையை விட்டு விலகினால் அடி. தாத்தா நடந்துவிட்டார். திரும்பி வந்தபின் கூட்டாளியின் மனைவியிடம், அவர் தூக்கத்தில் போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டி எங்களுக்கு நாலு வீடு தள்ளித்தான் இருந்தார். கதை கேட்க வருகிறவர்களில் ஒருவர். அன்றைக்கு வரவில்லை.

முப்பது வருடம் ஒரு மனிதர் யாரிடமும் சொல்லாததை, வேற்று நாட்டில், வேற்று மொழியில், அவர் பிறப்பதற்கு எத்தனையோ வருடத்துக்கு முன்பு எழுதிய ஒரு புத்தகம் சொல்லவைத்தது. இதைச் செய்ய அந்த நாவலுக்கு அத்தனை பக்கமும் தேவைப்பட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் வாரமே அந்த அத்தியாயத்தை மட்டும் படித்துக் காட்டியிருந்தால் தாத்தா வாய் திறந்திருக்கமாட்டார். கண்ணாடிக்காரன் விருந்தில் உளறியதிலிருந்து, தப்பான பெண்ணைக் கட்டியதிலிருந்து, துப்பாக்கிச் சண்டை போட்டதிலிருந்து அவனோடு மாதக்கணக்கில் இருந்துவிட்டார். அவன் நல்லவன் என்று தாத்தாவுக்குத் தெரியும். அந்த நல்லவனே திரும்பிப் பார்க்காமல் போனான் என்றபோதுதான் அவரால் தன்னையும் பற்றிச் சொல்ல முடிந்தது. சின்னக் கதையில் பியேர் ஒரு கோழையாகத் தெரிந்திருப்பான்.

எல்லா இடத்திலும் நான் டால்ஸ்டாயோடு ஒத்துப்போனேன் என்று இல்லை. பகுசாரவோ கிராமம் வருகிற அத்தியாயங்களைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் வேறு கண்ணால்தான் படிப்போம். பிரெஞ்சுப் படை நெருங்குகிறது. அப்பா கடுகடு துரையை அடக்கம் செய்துவிட்டு இளவரசி மரியா கிளம்பப் பார்க்கிறாள். பண்ணையடிமைகள் குதிரை தர மறுக்கிறார்கள். அவள் தானியம் தருகிறேன் என்றாலும் நம்பவில்லை. விடுதலை வரப்போகிறது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. அப்போது நத்தாஷாவின் அண்ணன் நிக்கொலாய் ரஸ்தோவ் குதிரையில் வருகிறான், ஒருவனை அறைகிறான், இரண்டு பேரைக் கட்டச் சொல்கிறான், கூட்டம் அடங்கிவிடுகிறது. இளவரசிக்கு அவன்மேல் காதல் பிறக்கிறது. ரஷ்யாவில் பண்ணையடிமை முறையை ஒழித்தது 1861-இல். நாவல் பத்திரிகையில் வர ஆரம்பித்தது 1865-இல். முழுப் புத்தகம் 1869-இல். எழுதியவர் தாமே பண்ணைக்காரர்.

எங்கள் வாசலில் அன்றைக்கு யாரும் ரஸ்தோவ் பக்கம் இல்லை. “அவனுங்க ஏன் நம்பணும்?” என்று கேட்டார் அப்பா. கதை கேட்க உட்காராமல் ஓரமாக நின்று பீடி குடித்துக்கொண்டிருப்பவர் அவர். 1946-47-இல் எங்கள் பீடோங் பக்கத்தில் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ. எம். சாமி தொண்டர் படை நடத்தினார். தோட்டத்து இளைஞர்கள் கவாத்துப் பழகினார்கள், கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். 1947-இல் போலீசோடு மோதலாகி உயிரும் போனது. அப்பா அப்போது விடலைப் பையன். மறியலில் நின்றவர். அறைவாங்கிய அந்தக் குடியானவனுக்கு வீட்டில் என்ன கதை இருந்தது என்று டால்ஸ்டாய் சொல்லவில்லை என்பது அப்பாவின் குறை. எனக்கும் அந்தக் குறை இன்றுவரை உண்டு.

அந்தக் குறை டால்ஸ்டாய்க்கே பின்னால் தெரிந்திருக்க வேண்டும். 1899-இல் வந்த ‘புத்துயிர்ப்பு’ நாவலில், நெஹ்லூதவ் தன் நிலத்தைக் குடியானவர்களுக்குக் கொடுக்கப் போகிறான். அவர்கள் நம்பமாட்டேன் என்கிறார்கள். இந்தமுறை அந்த அவநம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று டால்ஸ்டாய் பொறுமையாகச் சொல்கிறார். குற்றம் கொடுப்பவன் பக்கம் இருக்கிறது. ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பில் மாஸ்கோவிலிருந்து வந்த அந்தப் பதிப்பைப் பிற்காலத்தில் வாங்கி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் பீடியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்டார். டால்ஸ்டாயின் கொள்கைகளில் ஈர்க்கப்பட்டு 1910-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தி அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் தங்கியிருந்தன என்பதையும் அன்று சொன்னேன். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழி வந்தவர்கள், எங்களைப் போல.

வேலை கிடைத்து நான் ஊர் மாறிய பிறகும் நாவல் கூடவே வந்தது. இருபதுகளில் நான் அந்திரேய். முப்பதுகளில், பிள்ளைகள் பிறந்த பிறகு, சூதாட்டத்தில் 43,000 ரூபிள் தோற்றுவிட்டு வரும் மகனை ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும் ரஸ்தோவ் பெரியவர். என் அப்பா படுக்கையில் கிடந்த வருடங்களில் இளவரசி மரியா. அவளை வாழ்நாள் முழுக்க வதைத்த கிழவர் சாவதற்கு முன் நாக்குக் குழறியபடி அவளை அன்பாகக் கூப்பிடும் பக்கத்தை ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். கடைசியில் வரும் வரலாற்றுத் தத்துவ விவாதத்தை ஆங்கிலத்தில் படித்தேன். அது கதைக்கு வெளியே நிற்கிறது, தாத்தாவுக்குப் படித்துக் காட்டாமல் விட்டது சரிதான் என்பது என் எண்ணம். அதை விட்டுவிட்டுப் படிப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சோனியாவை டால்ஸ்டாய் நடத்திய விதத்தை என்னால் இன்னமும் மன்னிக்க முடியவில்லை. நிக்கொலாய் ரஸ்தோவுக்காக வாழ்நாளெல்லாம் காத்திருந்தவளை வீட்டுப் பூனை மாதிரி ஓரத்தில் உட்காரவைத்துவிட்டார். அறுபது வயதுக்கு மேல் ஒரு கதாபாத்திரத்துக்காக ஆசிரியரிடம் கோபப்பட வைக்கிற நாவலை எப்படி விட முடியும்?

தாத்தா போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. எங்கள் தோட்டத்தில் கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். லயங்களை இடித்த பிறகு சனம் சுங்கை பட்டாணி, பீடோங் தாமான்களுக்குச் சிதறியது. எங்கள் மாநிலத்திலிருந்து சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான், ம. நவீன், கே. பாலமுருகன் என்று எழுத்தாளர்கள் வந்திருக்கிறார்கள். 2017-இல் முத்துசாமிக்கு விஷ்ணுபுரம் விருது கிடைத்தபோது இங்கே எங்கள் வீட்டு விசேஷம் போலக் கொண்டாடினோம். சயாம் ரயிலைப் பற்றி ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். இரண்டையும் நான் மரியாதையோடு வைத்திருக்கிறேன். ஆனாலும் ஜித்ரா மழை, ஓடிப்போன துரை, மரவள்ளிக்கிழங்கு, சயாம், திரும்பி வந்தவர்களின் மௌனம், தொண்டர் படை, அவசரகாலத்து முள்வேலி என்று ஐந்தாறு குடும்பங்களைப் பதினைந்து வருடம் பின்தொடர்கிற ஒரு பெரிய நாவலுக்கு எங்கள் கெடாவில் இடம் காலியாக இருக்கிறது.

அந்த இளம் ஆசிரியைக்கும், எழுத ஆசைப்படுகிற மற்றவர்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ‘போரும் வாழ்வும்’ நாவலை எடுத்துப் படியுங்கள், முடிந்தால் வீட்டில் யாருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பெயர்கள் குழப்பினால் முதல் நூறு பக்கத்துக்கு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கே இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. அவர்களிடம் போய் உட்காருங்கள். எந்தத் தோட்டம், யார் வந்து கூட்டிப்போனார்கள், கூடப் போனவர்கள் பெயர் என்ன, யார் திரும்பவில்லை, பிள்ளைகளை யார் வளர்த்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த வருடமே செய்யுங்கள்.